பரீட்சையால் வருவதா, வயசால் வருவதா?

பிள்ளை திடீரென்று யாரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்துகொண்டால், சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அதற்கு இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். "படிப்பு பிரஷர்" என்பார் அப்பா. "வயசு அப்படி, கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்பார் அம்மா. வீட்டில் பாட்டி இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் சேரும்: "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு."

பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் அப்பாவோ அம்மாவோ சொல்வது சரியாகத்தான் இருக்கும். சிலர் விஷயத்தில் மட்டும் அது மனப்பிறழ்வின் முதல் படியாக இருந்துவிடுகிறது. அப்படி ஆனபிறகு அதே இரண்டு விளக்கங்களும் வேறு குரலில் திரும்பி வருகின்றன. "டியூஷன் மேல டியூஷன் போட்டு நாமதான் கெடுத்துட்டோமா?" அழுத்தமும் பருவ வயதும் இந்த நோயில் என்ன வேலை செய்கின்றன என்பதை முப்பது ஆண்டு கால ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. அதன்படி அப்பா சொன்னதும் அம்மா சொன்னதும் பாதிப் பாதி சரி. ஆனால் அந்தப் பாதிகள் எங்கே சேர்கின்றன என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, தன்னை யாரோ கண்காணிப்பதாக அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சும் சிந்தனையும் கோவையில்லாமல் போவது ஆகியவை சேர்ந்த ஒரு நிலை அது. மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) நோயில் வரும். இருமுனைக் கோளாறிலும் கடுமையான மனச்சோர்விலும்கூட வரலாம். 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வின் கணக்குப்படி, இங்குள்ள பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினர் மனச்சிதைவையோ அதைச் சார்ந்த ஒரு மனப்பிறழ்வு நோயையோ வாழ்நாளில் ஒருமுறையேனும் சந்தித்திருக்கிறார்கள். ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கில் எத்தனை வீடுகள் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்ன எண் இல்லை.

இதில் விந்தையான விஷயம், நோய் வரும் வயது. மனச்சிதைவில் மரபணுக்களின் பங்கு பெரியது. இரட்டையர் ஆய்வுகள் அதை சுமார் 80 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. மரபணு கருவிலேயே இருக்கிறது. ஆனாலும் 13 வயதுக்கு முன் இந்த நோய் வருவது மிக மிக அரிது. ஆண்களுக்குப் பதின்ம வயதின் முடிவிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், பெண்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் உச்சத்தைத் தொடுகிறது. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிகூட இல்லை. அதாவது, பிறக்கும்போதே இருக்கும் பலவீனம் ஒன்று பதினைந்து, இருபது வருஷம் சும்மா கிடக்கிறது. பிறகு சிலரிடம் மட்டும் விழித்துக்கொள்கிறது. எழுப்புவது எது?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் எலைன் வாக்கர் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர். பிற்காலத்தில் மனச்சிதைவு வந்தவர்களின் குழந்தைப் பருவ வீட்டுப் படச்சுருள்களைத் தேடிப்பிடித்து, பிறந்தநாள், விடுமுறை, குளியல் என்று எடுக்கப்பட்ட காட்சிகளை அவருடைய குழு உட்கார்ந்து பார்த்தது. நோய் வராத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டபோது கை கால் அசைவிலும் முகபாவத்திலும் நுட்பமான வேறுபாடுகள் தென்பட்டன. நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் அது நோயாக இல்லை. 1997இல் டொனால்ட் டிஃபோரியோவுடன் சேர்ந்து வாக்கர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையின் திருப்பம். உள்ளே இருக்கும் பலவீனத்தையும் வெளியே இருந்து வரும் அழுத்தத்தையும் இணைக்கும் கண்ணி, உடலின் அழுத்த ஹார்மோன் அமைப்பு என்றது அது.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஆபத்து என்று உணர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி ரத்தத்தின் வழியாக, சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போடுகிறது. அட்ரினல் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறது, கவனம் கூர்மையாகிறது. கார்டிசோல் கெட்டது என்று நினைக்க வேண்டாம். காலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கண்விழித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும்.

முக்கியம், அது எப்படி நிற்கிறது என்பதே. அறை குளிர்ந்ததும் ஏர்கான் தானாக ஓய்வெடுப்பதுபோல, கார்டிசோல் போதுமான அளவு ஏறியதும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும்" என்று சொல்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டுக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது ஹிப்போகேம்பஸ், நினைவுக்கான பகுதி. கார்டிசோல் பல மாதங்கள் அதிகமாகவே இருந்தால் தேய்வதும் அந்தப் பகுதிதான். தேய்ந்தால் நிறுத்தச் சொல்லும் செய்தி சரியாகப் போய்ச் சேராது. அழுத்தம் போனபிறகும் அமைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி பருவ வயதுக்கு வருவோம். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்று நாம் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு நடத்தும் நாளில், உடலின் கணக்குப்படி பருவமடைதல் பெரும்பாலும் முடியப்போகிறது. மார்பு வளர்ச்சி அதற்கு இரண்டு வருஷம் முன்பே தொடங்கியிருக்கும். அதற்கும் முன்னால், 6 முதல் 8 வயதுக்குள்ளாகவே, அட்ரினல் சுரப்பி டிஹெச்இஏ என்ற ஹார்மோனைக் கூட்டத் தொடங்கியிருக்கும். பையன்களுக்கோ சடங்கும் கிடையாது, நாள் குறிப்பதும் கிடையாது. குரல் உடைவதைக் கேட்டு நாமாகத் தெரிந்துகொள்வதுதான். தொடக்கநிலை இரண்டிலிருந்து உயர்நிலை நான்கு வரை நீளும் இந்த மாற்றத்தை நாம் ஒரு நாளில் அடைத்துவிடுகிறோம்.

இந்த ஆண்டுகளில் பாலியல் ஹார்மோன்கள் மட்டும் ஏறுவதில்லை. கார்டிசோலின் அடிப்படை அளவும் படிப்படியாக ஏறுகிறது. நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அழுத்தம் வந்தால் அமைப்பு முன்னைவிட வலுவாக எதிர்வினை காட்டுகிறது. பத்து வயதில் தோளைக் குலுக்கிவிட்டுப் போன ஒரு கேலி, பதினான்கில் மூன்று நாள் சாப்பிடவிடாமல் செய்வதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. நாடகம் போடுகிறான் என்று சொல்லிவிட முடியாது.

அதே காலத்தில் மூளையும் உருமாறுகிறது. குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மீறி உருவான நரம்பு இணைப்புகளில் பயன்படாதவை பதின்ம வயதில் நீக்கப்படுகின்றன. திட்டமிடுதலுக்கும் அடக்கிக்கொள்வதற்கும் பொறுப்பான முன்மூளைப் புறணியில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது. இந்த நீக்கம் எல்லை மீறுவதே மனச்சிதைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982இலேயே ஊகித்தார். 2016இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், மூளையில் இணைப்பு நீக்கத்தோடு தொடர்புடைய சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு அபாயத்தைக் கூட்டுவதைக் காட்டியபோது அந்த ஊகத்துக்குப் புதிய பலம் கிடைத்தது.

கார்டிசோல் இங்கே எங்கே நுழைகிறது? டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக. அழுத்தம், மூளையின் ஆழப் பகுதிகளில் டோபமின் வெளியாவதைத் தூண்டுகிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறிபோடுவது டோபமினின் வேலைகளில் ஒன்று. அது கட்டுப்பாடின்றிச் சுரந்தால், சாதாரண விஷயங்களெல்லாம் அர்த்தம் நிறைந்தவையாகத் தெரியும் என்று ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003இல் விளக்கினார். என்னைக் கேட்டால், மனப்பிறழ்வைப் பற்றி வந்த விளக்கங்களில் பெற்றோருக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டியில் எதிர் இருக்கையில் இருப்பவர் போனைப் பார்த்துச் சிரிக்கிறார். தன்னைத்தான் படமெடுத்துவிட்டார் என்று அவனுக்குச் சுருக்கென்று தோன்றுகிறது. அடுத்த நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறான். வகுப்பில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் தன் பெயர் கேட்டதுபோல இருக்கிறது. "இல்லை, நான்தான் கற்பனை பண்றேன்" என்று அவனே சொல்லிக்கொள்ளவும் முடிகிறது. இரவு மூன்று மணி வரை தூக்கமில்லை. முன்பு ஓடிஓடிப் போன கால்பந்துப் பயிற்சிக்கு வயிற்றுவலி என்கிறான். மதிப்பெண் இரண்டு தவணையில் சரிகிறது. இது நோய் இல்லை, ஆனால் "வயசு அப்படி" என்று தள்ளிவிடக்கூடியதும் இல்லை. அந்த "நான்தான் கற்பனை பண்றேன்" இருக்கும் வரை நேரம் கையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கார்டிசோல் உண்மையிலேயே அதிகமா? அளப்பது எளிது: ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பச் சொன்னால் போதும். ஊசி கிடையாது, ஏனென்றால் ஊசியைப் பார்த்தாலே கார்டிசோல் ஏறிவிடும். ஆய்வுக்கூடத்துக்கு வந்ததே சிலருக்குப் பதற்றம் என்பதால் இடைவெளி விட்டுப் பலமுறை எடுப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மையங்கள் சேர்ந்து, இந்தப் பையனைப் போல நோயின் விளிம்பில், அதாவது "அபாய நிலையில்" இருக்கும் இளையர்களை நெடுங்காலம் பின்தொடரும் ஆய்வு ஒன்றை நடத்திவருகின்றன. அதிலிருந்து வாக்கர் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவில், அபாய நிலையில் இருப்பவர்களின் கார்டிசோல் மற்ற இளையர்களைவிட அதிகமாக இருந்தது; பின்னர் மனப்பிறழ்வுக்குப் போனவர்களிடம் அந்த அளவு தொடக்கத்திலேயே தூக்கலாகத் தெரிந்தது.

உடனே "டாக்டர், கார்டிசோல் டெஸ்ட் எழுதிக் குடுங்க" என்று கிளம்ப வேண்டாம். இது ஒரு கூட்டத்தின் சராசரிக்கும் இன்னொரு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். தனி ஒருவரை எடுத்தால் இரு கூட்டத்தின் எண்களும் ஏராளமாக ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கார்டிசோல் அதிகமாக இருந்தும் ஒன்றுமே வராதவர்கள் உண்டு. நோய் வந்தபிறகு எடுத்த ஆய்வுகள் பலவற்றில் காலை நேர உச்சம் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது வேறு தெரிந்திருக்கிறது. எண்ணை வைத்து ஜாதகம் கணிக்கும் நிலைக்கு இந்த அறிவியல் வரவில்லை.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கண்டுபிடிப்பு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இனெஸ் மைன்-ஜெர்மைஸ் குழுவினர், மனப்பிறழ்வு உள்ளவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் நாள் முழுவதும் தங்கள் மனநிலையைக் குறித்துவைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பேருந்து தவறுவது, யாரோ முகம் கொடுக்காமல் போவது போன்ற அன்றாட அற்பத் தொல்லைகளுக்கே அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கலங்கினார்கள். நோயே இல்லாத உறவினர்களும்கூட. ஆக, எவ்வளவு அழுத்தம் வந்தது என்பது கதையின் பாதிதான். வந்த அழுத்தம் உடலில் எவ்வளவு ஆழம் பாய்கிறது என்பதும் சேர வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, ஒரே டியூஷன் சார். இரண்டு பிள்ளைகளின் உடலுக்குள் அது இரண்டு வேறு சம்பவம். அதனால்தான் "நாமதான் கெடுத்துட்டோமா" என்ற கேள்வியைப் பெற்றோர் கீழே போட வேண்டும். அடியும் வன்முறையும் பாலியல் தொல்லையும் வேறு விஷயம். சிறுவயதில் அவற்றை அனுபவித்தவர்களுக்கு மனப்பிறழ்வு அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பில் உறுதியாகியிருக்கிறது. சனிக்கிழமை டியூஷனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வந்தால், ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பாக இருக்கிறது என்ற கருத்து வலுவானது. பெண்களுக்கு நோய் தாமதமாக வருவதும், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி அவர்களிடம் மட்டும் இரண்டாவது சிறிய உச்சம் தெரிவதும் அதற்குச் சான்றுகள். மெல்பர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி, மனச்சிதைவு உள்ள பெண்களுக்கு வழக்கமான மருந்தோடு ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப்பட்டையும் கொடுத்துப் பார்த்து, அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்ததாக 2008இல் அறிவித்தார். அன்றாடச் சிகிச்சையாக அது ஆகிவிடவில்லை. நம் ஊர் ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு தற்செயல் உண்டு: நோய் தலைகாட்டும் வயதும் தேசிய சேவைக்குப் போகும் வயதும் ஒன்றாக வருகின்றன. ஆகவே "ஆர்மிக்குப் போனதால்தான் இப்படி ஆயிட்டான்" என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. தூக்கக் குறைவும் புதிய சூழலும் தள்ளிவிட்டிருக்கலாம்தான். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஏதாவது மாறியிருந்ததா என்று கேட்டால், பல வீடுகளில் பதில் கொஞ்சம் யோசித்துத்தான் வரும்.

சிங்கப்பூர் தன் பிள்ளைகளின் அழுத்தத்தைக் குறைக்க ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் பழைய மதிப்பெண் முறை போனது. 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளும் போயின. நல்லதுதான். ஆனாலும் மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட தேசிய இளையர் ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். அளவுக்கு மீறிய சமூக ஊடகப் பயன்பாடு, இணையத் துன்புறுத்தல், உடல் தோற்றம் பற்றிய கவலை ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருந்தது. அரையாண்டுத் தேர்வை எடுத்தால் மனப்பிறழ்வு குறையும் என்று எதிர்பார்ப்பதும், அது இருந்ததால்தான் வந்தது என்பதும் ஒரே கணக்குப் பிழை.

நானாக இருந்தால் முதலில் தூக்கத்தில் கைவைப்பேன். பருவமடையும்போது உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது. பள்ளியோ காலை ஏழரைக்கு. தூக்கம் குறைந்தால் கார்டிசோலின் ஏற்ற இறக்கம் கெடும். நன்றாக இருக்கும் இளையருக்கே சந்தேக எண்ணங்கள் கூடும். 2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி வகுப்பு தொடங்கும் நேரத்தை ஏழரையிலிருந்து எட்டேகாலுக்கு மாற்றியது. ட்யூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் கவனித்தபோது, மாணவிகள் கூடுதல் நேரத்தைப் படிப்பில் செலவிட்டுவிடாமல் கொஞ்சம் அதிகமாகவே தூங்கினார்கள். பகல் தூக்கக்கலக்கமும் குறைந்தது. மற்ற பள்ளிகள் இதை வரிசைகட்டிப் பின்பற்றாதது எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, அபாய நிலை என்று மருத்துவர் சொல்லிவிட்டால்? இந்த வகையை வரையறுத்தவர்கள் மெல்பர்னின் பேட்ரிக் மெகோரியும் ஆலிசன் யங்கும். 1994இல் அவர்கள் தொடங்கிய மருந்தகம் இதற்கென்றே அமைந்த முதல் இடங்களில் ஒன்று. மூன்று வழிகளில் ஒருவர் இதற்குள் வரலாம்: மேலே சொன்ன பையனைப் போல மங்கலான அறிகுறிகள், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிட்ட முழு அறிகுறிகள், அல்லது பெற்றோர், உடன்பிறப்பு ஒருவருக்கு நோய் இருந்து, பிள்ளையின் படிப்பும் பழக்கமும் தெளிவாகச் சரிந்திருப்பது. 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மூன்று ஆண்டுக்குள் 36 விழுக்காட்டினர் மனப்பிறழ்வுக்குப் போனதாகக் கணக்கிட்டது. பிந்தைய கணக்குகள் அதை நான்கில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைத்திருக்கின்றன. நான்கில் மூன்று பேர் போவதில்லை. அவர்களில் பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்வதால் உதவி வீண்போவதும் இல்லை.

இந்தக் கட்டத்தில் மனப்பிறழ்வு மருந்துகளை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிச் சீராக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, குடும்பத்தோடு பேசுவது, தூக்கத்தைச் சீராக்குவது, கஞ்சாவிலிருந்து விலக்கிவைப்பது ஆகியவையே முதல் வரிசை. மீன் எண்ணெய் மாத்திரை பற்றிக் கேட்காத அம்மா கிடையாது. 2010இல் வியன்னாவில் நடந்த சிறிய சோதனை பெரிய நம்பிக்கை தந்தது. 2017இல் பல நாடுகளில் செய்த பெரிய சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கொடுத்தால் கெடுதலில்லை, அதை நம்பி இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நோய் வந்தேவிட்டால் தாமதம்தான் பெரிய எதிரி. மனநலக் கழகம் 2001இல் ஆரம்பகட்ட மனப்பிறழ்வுக்கான சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அறிகுறி தொடங்கிச் சிகிச்சை கிடைக்கும் வரை பாதிப்பேருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. விழிப்புணர்வுப் பணிகளுக்குப் பிறகு அந்த இடைநிலைக் காலம் 12 மாதத்திலிருந்து 4 மாதமாக இறங்கியது. அந்த மாதங்கள் எங்கே போகின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. கோயிலுக்கு ஒரு சுற்று, மலாய் மாந்திரீகரான போமோவிடம் ஒரு சுற்று, ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு சுற்று. பாட்டி சுற்றிப் போடட்டும், எலுமிச்சம்பழம் வெட்டட்டும், யாரும் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்காகத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இன்னொரு தடை பெயரில் இருக்கிறது. மனநலக் கழகம் 1993இல் புவாங்கோக்குக்கு இடம்மாறியும், பழைய தலைமுறைக்கு அது இன்னும் உட்பிரிட்ஜ் என்ற பழைய மனநோய் மருத்துவமனைதான். "அங்கே போனான்னு தெரிஞ்சா பொண்ணு யார் குடுப்பா?" என்ற பயம் பதினாறு வயதுப் பையனின் தலையில் விழுகிறது. 2009இல் தொடங்கிய சேட் என்ற இளையர் மனநலச் சேவையின் மையத்தை மருத்துவமனைக்குள் வைக்காமல், பின்னர் ஆர்ச்சர்ட் வட்டாரத்து ஸ்கேப் கட்டடத்தில் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு அது இலவசமாக மனநல மதிப்பீடு செய்கிறது. அதற்கும் இளைய பிள்ளை என்றால் பள்ளி ஆலோசகரிடமிருந்து தொடங்கலாம். அவரால் பள்ளிகளுக்கான ரீச் என்ற மனநலக் குழுவுக்கு அனுப்பிவைக்க முடியும். பலதுறை மருந்தக மருத்துவர் மூலமாகவும் போகலாம். 2025இல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771, நாள் முழுதும் எடுக்கப்படும். பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவான் என்ற அளவுக்குப் போய்விட்டால் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222.

போகும்போது "முன்ன மாதிரி இல்ல டாக்டர்" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த மாதத்திலிருந்து தூக்கம் மாறியது, எந்தத் தவணையில் மதிப்பெண் சரிந்தது, யாரோடு பேசுவதை எப்போது நிறுத்தினான், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊரில் இருந்த சித்தப்பா ஒருவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றால், அவரையும் சேர்த்து எழுதுங்கள்.